நிலாவில் காலி இல்லை

போன செவ்வாய்க்கிழமை காலையில், எங்கள் கம்பெனி பஸ்ஸில் நிலா விற்றுத் தீர்ந்துவிட்டது.

சிரிக்காதீர்கள் குட்டிகளே. நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். பாகலூரில் பஸ் ஏறும்போது நிலா யாருக்கும் சொந்தமில்லாமல் சும்மாதான் இருந்தது. ஓசூர் வருவதற்குள் ஒரு சென்ட் கூட மிச்சமில்லை!

எல்லாம் ஒரு கொடியால் வந்த வினை.

என் மகள் யாழினி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சனிக்கிழமை அவள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அவளுடைய தலைப்பு, நிலாவில் மனிதன் இறங்கியது. தெர்மாகோலில் நிலா, அட்டையில் இறங்கும் வண்டி, ஒரு பொம்மை மனிதன், பக்கத்தில் ஒரு துணிக்கொடி. எல்லாம் தயார். கொடிக்கு மட்டும் கம்பம் இல்லை.

"அப்பா, உன் கம்பெனில ஒரு கம்பி கெடைக்காதா?" என்று கேட்டாள்.

பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஃபிட்டராக இருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஸ்கிராப் பெட்டியில் எடுத்துக்கொள்ளலாம். அளவு பார்க்க வேண்டுமே என்று கொடியைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் முத்தையா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. பையிலிருந்து எட்டிப் பார்த்த கொடியை அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கொடியெல்லாம் கொண்டு போறிய? எந்தக் கட்சி?"

"கட்சி இல்லைங்க. நிலாவுல நடுற கொடி. பாப்பாவோட ப்ராஜெக்ட்."

முன் சீட்டிலிருந்து முனிரத்தினம் திரும்பினார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், அவசரத்தில் இரண்டும் கலந்து பேசுகிறவர். "கொடி எட்லா ஆடும்ப்பா? அக்கட காலி லேது கதா! சந்திரன் மேல காலி இல்லப்பா!"

இங்கே ஒரு நிமிஷம். தெலுங்கில் காலி என்றால் காற்று. அந்தக் 'கா'வை, கார்மென்ட்ஸ் என்று சொல்லும்போது வருகிற 'கா' மாதிரி சொல்ல வேண்டும். நிலாவில் காற்று இல்லை என்றுதான் அவர் சொன்னார். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இது புரிந்துவிடும். முத்தையாவுக்கு?

அவர் நான்கு மாதமாக ஓசூரில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறார். குடும்பம் ஊரில் இருக்கிறது. எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரே பதில் — காலி இல்லைங்க. அந்தக் காதில் போய் இது விழுந்தால்...

"அங்கயுமா காலி இல்ல?" என்று அலறினார் முத்தையா. "நிலாவுலயும் எடத்தை மடக்கிட்டாங்களா?"

பின் சீட்டில் சிவண்ணா. கர்நாடகாவிலிருந்து தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர். உதவி செய்ய நினைத்தார், பாவம். கன்னடத்தில் காற்றுக்கு காளி என்று பெயர். "ஏ, அவரு சொல்றது காளி, காளி! சந்திரன் மேல காளி இல்லா!"

முத்தையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாளும் இல்லையா? எடமும் இல்ல, சாமியும் இல்ல. பொறவு அங்க எவன் தங்குவான்? அதான் போனவனெல்லாம் திரும்பி வந்துட்டான்!"

எவ்வளவு பொருத்தமான விளக்கம் பாருங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் முழுக்க இதுதான் பேச்சு. நிலாவில் பிளாட் எல்லாம் புக் ஆகிவிட்டதாம். யாரோ பெரிய பார்ட்டியாம். ஒருவர் என்னிடமே வந்து, "விஷயம் தெரியுமா?" என்று தொடங்கினார். கொடி என் பையில் இருக்கிறது... விஷயம் எனக்குத் தெரியாதாம்!

சிரித்துக்கொண்டே கம்பியோடு வீட்டுக்குப் போனேன். வீட்டில் யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை.

யாழினி தெர்மாகோல் நிலாவைத் திருப்பிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தாள். "கம்பி வேணாம்ப்பா. நான் கண்காட்சிக்குப் போகலை. என் பேரை எடுக்கச் சொல்லிடறேன் மிஸ்கிட்ட."

"ஏம்மா?"

"எல்லாம் பொய்யாம். ஸ்கூல் வேன் ஓட்டுற அண்ணா சொன்னாரு. காத்தே இல்லாத எடத்துல கொடி எப்படி ஆடும், போட்டோல ஆடுதேன்னு கேட்டாரு. அது ஷூட்டிங்காம். நம்ம கிருஷ்ணகிரி பக்கம் கல் குவாரியில எடுத்ததாம். அவரோட பெரியப்பாதான் அன்னிக்கு டீ குடுத்தாராம். ஆளுக்கு ரெண்டு டீ குடிச்சாங்களாம். வேன்ல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க."

குவாரி என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. டீ என்றதும் கொஞ்சம் தடுமாறினேன். அதுவும் ஆளுக்கு இரண்டு டீ! இவ்வளவு விவரமாகச் சொல்கிறாரே, ஒருவேளை...?

"நீ சொல்லுப்பா. கொடி எப்படி ஆடுச்சு?"

எனக்குத் தெரியாது. வாரா வாரம் எனக்குக் கடிதம் எழுதும் பிள்ளைகளுக்குத் தெரியும், நான் படித்தது பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும். ஆனால் மகள் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? வாய் தானாகத் திறந்தது.

"அது வந்தும்மா... ராக்கெட்டோட ஏசி காத்து. கதவைத் தொறந்து வெச்சிருப்பாங்க."

சமையலறையிலிருந்து என் மனைவி செல்வியின் குரல் வந்தது. "நம்ம வீட்டு ஃபேனே கர்ரு கர்ருன்னு சுத்துது. இவரு நிலாவுக்கு ஏசி போட்டுட்டாரு!"

யாழினி சிரிக்கவில்லை. "அப்பா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லேன்ப்பா. மத்தவங்க கேட்டா நான் இதையா சொல்றது?"

சுருக்கென்றது. வேன் டிரைவர் ஒரு பொய் சொன்னார். அவரைத் திருத்த நான் இன்னொரு பொய் சொல்லியிருக்கிறேன். எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அவர் பொய்யில் டீயாவது இருக்கிறது.

"எனக்குத் தெரியலைம்மா. ரெண்டு நாள் டைம் குடு. பேரை மட்டும் எடுத்துடாத," என்றேன்.

மறுநாள் பஸ்ஸில் முதல் வேலையாக முத்தையாவுக்கு அர்த்தத்தைச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"வெறும் காத்தா? நான் ஊருக்கே போன் போட்டுச் சொல்லிட்டேனே! அண்ணாச்சி, காத்து இல்லேங்கது ஒரு செய்தியா? எடம் இல்லேங்கதுல்லா செய்தி!"

குட்டிகளே, இந்த ஒரு வரியை நான் மூன்று நாள் யோசித்தேன். நிலாவில் காற்று இல்லை என்று சொன்னால் யாராவது நமக்கு டீ வாங்கித் தருவார்களா? 'விஷயம் தெரியுமா?' என்று ஆரம்பித்தால் நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்கள். ஊருக்கே தெரியாதது எனக்குத் தெரியும் என்பதில் ஒரு சுகம். அதிலும் நமக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே வந்து தொடுகிற கதை என்றால் விடவே மாட்டோம். முத்தையா முட்டாள் இல்லை. எங்கள் லைனில் அவர் மாதிரி கேஜ் வைத்து அளவு பார்க்க ஆள் கிடையாது. ஆனால் வீடு கிடைக்காத மனுஷன்!

அன்று மதியம் டிசைன் செக்‌ஷன் ஷகிலா மேடத்திடம் போனேன். இன்ஜினியரிங் படித்தவர், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். கொடியை மேஜைமேல் விரித்து விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, காத்து இல்லாத எடத்துல கொடி தொங்கிடும்னு போனவங்களுக்குத் தெரியாதா?" என்றார். "அதனாலதான் கொடியோட மேல் ஓரத்துல குறுக்க ஒரு ராடு வெச்சுக் கொண்டு போனாங்க. நம்ம வீட்டு ஜன்னல் திரை மாதிரி. அந்த ராடு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடங்கி இருக்கும், இழுத்தா நீளும். முதல்ல எறங்கினவங்களுக்கு அது முழுசா நீளலை. அதான் துணி சுருங்கி, ஆடற மாதிரி நிக்குது."

"ராடு ஸ்டக் ஆயிடுச்சா மேடம்?" நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"ஆமாண்ணே. ஏன்?"

"இது சத்தியமா நெஜம் மேடம்! ஷூட்டிங்கா இருந்தா ரீடேக் எடுத்திருக்க மாட்டானா? நெஜமான வேலையிலதான் முக்கியமான நேரத்துல ராடு ஸ்டக் ஆகும்! போன வாரம் கஸ்டமர் வந்து நிக்கும்போது நம்ம கன்வேயர் நின்னுச்சே..."

ஷகிலா மேடம் சிரித்தார். "ராடு ஸ்டக்குன்னதும் நம்பிட்டீங்க பார்த்தீங்களா? மத்தவங்களுக்கு டீன்னா உங்களுக்கு ராடு. நான் சொன்னேன்னு நம்பாதீங்கண்ணே. செஞ்சு பாருங்க."

நான் திரும்ப உட்கார்ந்தேன்.

"சரி மேடம், வீடியோவுல நெஜமாவே ஆடுதாமே?"

"கம்பத்தைப் பிடிச்சுத் திருகி நடும்போது ஆடும். கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் ஆடும். தடுக்கறதுக்கு அங்க காத்து இல்லையே."

சாயங்காலம் வீட்டில் செய்து பார்த்தோம். கம்பியை, தலைகீழாக நிறுத்திய 'ட' எழுத்து மாதிரி வளைத்தேன். நன்றாகச் சுருக்கம் விழட்டும் என்று கொடியை எட்டாக மடித்து, அம்மிக்கல்லின் அடியில் ஒரு மணி நேரம் வைத்தோம். பிறகு கம்பியில் கோர்த்து, துணியைக் கொஞ்சம் உள்பக்கம் தள்ளிச் சுருக்கிவிட்டாள் யாழினி. ஜன்னலைச் சாத்தினோம். கதவைச் சாத்தினோம். ஃபேனை நிறுத்தினோம்.

"வேகுதுப்பா! நிலாவுல இப்படித்தான் இருக்குமா?" என்றாள் செல்வி, முந்தானையால் விசிறிக்கொண்டே.

"அம்மா, விசிறாத! காத்து வருது!"

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். யாழினி என் போனில் படம் எடுத்தாள். படத்தைப் பார்த்தோம். கொடி அப்படியே புயலில் பறக்கிற மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை காலை வேன் வந்ததும் யாழினி நேராக டிரைவர் ஜன்னலுக்குப் போனாள். கையில் என் போன். நான் நான்கடி தள்ளி நின்றேன்.

"அண்ணா, இந்தப் படத்துல காத்து எந்தப் பக்கத்துலருந்து அடிக்குது?"

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இடது பக்கத்துலருந்து. நல்ல காத்து பாப்பா. மழை வரும்போல இருக்கே. எந்த ஊரு?"

"எங்க வீட்டு ஹால்ண்ணா. ஃபேன் ஆஃப். கதவெல்லாம் சாத்தி எடுத்தது. போட்டோல எப்படிண்ணா கொடி ஆடும்? ஆடற மாதிரி நிக்கும், அவ்ளோதான்."

வேனுக்குள் ஒரே கூச்சல். டிரைவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனுஷன், கோபப்படவில்லை. போனை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏங்கண்ணா... அப்ப எங்க பெரியப்பா யாருக்கு டீ குடுத்தாரு?"

எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. "குவாரியில வேலை செஞ்சவங்க குடிச்சிருப்பாங்கண்ணா," என்றேன். அதுவும் நானாகச் சொன்னதுதான். விட்டுவிடுங்கள்.

யாழினி பேரை எடுக்கவில்லை. சனிக்கிழமை அவள் மேஜைமுன் கூட்டமோ கூட்டம். கொடியைக் காட்டி, "சார், காத்து எந்தப் பக்கம்?" என்று எல்லோரையும் கேட்டாள். ஒருவர் கிழக்கு என்றார். ஒருவர் தென்மேற்கு என்றார். ஒரு அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அப்போது கண்ணாடி போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "கொடி சரி பாப்பா. முதல் ஆள் ஏணியில எறங்கறதைப் படம் புடிச்சிருக்காங்களே, அது யாரு? கீழ ஏற்கெனவே ஒருத்தன் கேமராவோட நின்னானா?"

வேன் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வாய்க்குள் ஒரு பதில் தயாராக இருந்தது — அங்கே ஒரு வாட்ச்மேன் இருந்திருப்பார்!

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியலை சார்," என்றாள் யாழினி. சத்தமாக. "இன்னிக்குத் தெரியலை. இந்த நோட்டுல கேள்வியை எழுதிட்டுப் போங்க. கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கட்டிய கையைப் பிரித்து, குனிந்து, குண்டு குண்டாக எழுதினார். அவருக்குக் கீழே இன்னொருவர் எழுதினார். அப்புறம் ஒரு வரிசையே நின்றது. பெரியவர்கள் இத்தனை கேள்வியை உள்ளே வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

முதல் கேள்விக்கு ஞாயிற்றுக்கிழமை விடை கிடைத்துவிட்டது. இறங்கும் வண்டியின் பக்கவாட்டிலேயே ஒரு கேமராவைப் பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். ஏணியில் இறங்குகிறவரே ஒரு பிடியை இழுத்தால், மூடி திறந்து கேமரா வெளியே வந்துவிடும். யாழினி அதை நோட்டில் எழுதி, எங்கே படித்தாள் என்பதையும் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறாள்.

வாட்ச்மேன் யாரும் இல்லையாம். நான் தனியாகவும் விசாரித்துவிட்டேன்.