டிரைவர் பெயரில் வந்த மூலம்

அன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் அங்கப்பன் கண்டக்டர். தொண்ணூற்று நாலாம் வருஷக் கோடையில் அவருக்கு மூலம் வந்தது. நின்றபடியே செய்கிற வேலை என்பதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. வீட்டிலும் மூச்சு விடவில்லை. மனைவியிடம் சொன்னால் அவள் தன் அக்காவிடம் சொல்வாள். அக்கா வீடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருந்தது.

லீவு போட்டுவிட்டு மேட்டுப்பாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனார். டோக்கன் கொடுக்கும் சாயிரா பானு பெயர் கேட்டாள். தன் பெயரைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னார்.

"கண்ணையாங்க. அன்னூரு."

கண்ணையா அவருடைய பஸ்ஸின் டிரைவர்.

கொஞ்ச நேரத்தில் சாயிரா பானு ஆஸ்பத்திரியே அதிரக் கூப்பிட்டாள். "அன்னூர் கண்ணையா! மூலத்துக்கு வந்தவரு! உள்ள போங்க!"

திரைக்குப் பின்னால் ஊசி போட்டுக்கொள்ள வந்திருந்த பாவாத்தாள் அதைக் கேட்டாள். அவளும் அந்த பஸ்ஸில் தினமும் போகிறவள்தான். ஆளை எட்டிப் பார்க்கவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டுகிற டிரைவருக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

மறுநாளே டிரைவர் சீட்டுக்கு வைத்தியம் வரத் தொடங்கியது. ஒருத்தி துத்திக்கீரை கொண்டுவந்தாள். ஒருவர் கருணைக்கிழங்கு. பாவாத்தாள் இலவம்பஞ்சுத் தலையணையே தைத்து வந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி," என்றார் கண்ணையா.

"வெக்கப்படாதீங்கண்ணா. ஒடம்புன்னா எல்லாந்தான் வரும்."

அவர் மறுக்க மறுக்க, நோய் முற்றிவிட்டதாக பஸ்ஸே முடிவு செய்தது. தலையணைமேல் தலையணை ஏறியது. அத்தனைக்கும் மேலே கண்ணையா, கூரையில் தலை இடிக்கக் குனிந்து ரோட்டைப் பார்த்து ஓட்டினார். பள்ளம் வந்தால் பயணிகள் மொத்தமாக "மெதுவாங்க, மெதுவா" என்றார்கள். ஒரு மாட்டுவண்டி முந்திக்கொண்டு போனது. அங்கப்பனுக்கு விசில் ஊதவே கூசியது. ஆனாலும் கீரையை மட்டும், வீணாகப் போகிறதே என்று சொல்லி, கேட்டு வாங்கிப் போய்த் தின்றார்.

கடைசியில் கண்ணையா பொறுமை இழந்தார். "வா அங்கப்பா, பாவாத்தா சொல்ற அந்த ஆஸ்பத்திரியிலயே கேட்டுப்போடலாம்." வயிறு சரியில்லை என்று அங்கப்பன் சொன்னது எடுபடவில்லை.

"ஏனுங்க அம்மணி, கண்ணையாவுக்கு மூலம்னு யாருங்க இங்கிருந்து சொன்னது?" என்று கேட்டார் கண்ணையா.

"வந்தவங்க வியாதியப் பத்தி நாங்க வெளிய மூச்சு விடமாட்டோங்க," என்றாள் சாயிரா பானு, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "கண்ணையா விசயத்த கண்ணையாகிட்ட மட்டுந்தான் சொல்லுவோம்."

"நாந்தானுங்க கண்ணையா."

"பொய் சொல்லாதீங்க. கண்ணையா இதோ, உங்க பின்னால நிக்கிறாரு." அவள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க கண்ணையா, ரத்தம் நின்னுருச்சுங்களா?"

வெளியே வந்ததும் கண்ணையா அவரை ஓரமாக இழுத்துப் போனார். பிறகு கேட்டார். "ஏப்பா, ஊருல வேற பேரா இல்ல?"

"வாயில வேற எதுவும் வரலீங்கண்ணா. நாள் முச்சூடும் உங்களத்தானுங்க கூப்புட்டுட்டிருக்கேன்." அங்கப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கண்ணையாவுக்கு அதற்குமேல் திட்ட மனம் வரவில்லை. "சரி, உடு. என்ற வாயால ஒருத்தருகிட்டயும் போகாது. நீ மொதல்ல உன்ற பேருலயே போயி வைத்தியம் பாரு."

அங்கப்பன் கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்துகொண்டார். சொன்னபடியே கண்ணையா ரகசியத்தைக் காத்தார். கண்டக்டர் எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் அந்தந்த நேரத்துக்குத் தோன்றியதைச் சொல்லிவைத்தார். அங்கப்பன் வேலைக்குத் திரும்பிய அன்று ஒருவர் கணுக்கால் வீக்கம் வற்றியதா என்று விசாரித்தார். இன்னொருவர் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொன்னார்.

"மகளுக்குக் கண்ணாலம் முடிச்சுப்போட்டீங்களாமா? எங்களுக்கு ஒரு பத்திரிகை வைக்கலியே!" என்று கோபித்துக்கொண்டாள் பாவாத்தாள்.

அங்கப்பனுக்கு இரண்டும் பையன்கள்.

"அவசரத்துல நடந்துபோச்சுங்க அம்மணி," என்று சொல்லி, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.