மேற்கு அறை மெத்தை

1. இல்லாத கூரை வேலை

1983 வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை, அறை காலியாக இருக்க, "அறை இல்லை" என்று இரண்டு பேரிடம் சொன்னேன். ஹோட்டல் தொழிலில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். ஓவர்புக்கிங் ஆகி, உண்மையிலேயே அறை இல்லாமல் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களில் ஒருவரின் முகமும் நினைவில் இல்லை. இந்த இரண்டு முகங்களும் இருக்கின்றன. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. அதில் பாதி என்மேல்.

யாழ்ப்பாணத்தில், கோப்பாய்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது அந்த வீடு. நடுவே முற்றம், நாலு பக்கமும் விறாந்தை, விறாந்தையைச் சுற்றி அறைகள். ஒரு பிரக்கிராசியார், அந்தக் காலத்து வக்கீல், கட்டியது. அவருடைய பேத்திதான் அப்போது சொந்தக்காரி. நாங்கள் அவரை அம்மா என்போம். பாழடைந்து கிடந்ததை இரண்டு வருடம் மினக்கெட்டுத் திருத்தி, விருந்தினர் தங்கும் வீடாக அந்த வருடம் தையில் திறந்தார். நான் கொழும்பில் ஒரு ஹோட்டல் றிசெப்சனில் நின்றவன். அம்மாவுக்குத் தூரத்து உறவு, அதே சாதி. மனேஜர் வேலை எனக்குக் கிடைத்தது அதனால்தான். அதை மறைப்பதற்கில்லை.

முதல் நாளே அம்மா சொன்னார்: "இஞ்சை வாறவைக்கு இது ஹோட்டல் எண்ட நினைப்பே வரக்கூடாது தம்பி. எங்கடை வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கிறம் எண்டு நினைக்கவேணும்."

நல்ல பேச்சு என்று நினைத்தேன். வெள்ளைக்காரர் வந்தார்கள். சப்பாத்தோடு சாமி அறை வாசல்வரை போனார்கள். அம்மா சிரித்துக்கொண்டே அவர்களைச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிவந்து, தன் கையால் பரிமாறினார்.

சித்திரையில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டொக்டர் க. யோகேஸ்வரி, தானும் தகப்பனும், ஓர் இரவு தங்க வேண்டும் என்று. மேற்கு அறையை ஒதுக்கி, கையெழுத்திட்டுப் பதில் போட்டேன்.

அவர்கள் வரவேண்டிய காலையில்தான் அம்மா புக்கிங் கொப்பியைப் பார்த்தார். கடிதத்தைக் கேட்டு வாங்கி, அதன் கீழே எழுதியிருந்த தகப்பனின் ஊர் விலாசத்தை வாசித்தார்.

"இது கந்தன்ரை பெட்டையெல்லே."

"எந்தக் கந்தன் அம்மா?"

"கட்டாடி கந்தன். எங்கடை வீட்டுக்கு வெளுத்தவன். உவைக்கு ஆர் அறை குடுத்தது?"

"அவ டொக்டர் அம்மா."

"ஆரா இருந்தாலென்ன. அறையிலை கூரை வேலை நடக்குதெண்டு சொல்லி அனுப்பும். சண்டை பிடியாமல், மரியாதையாச் சொல்லும்."

மரியாதையாகத்தான் சொன்னேன். அந்தத் தொழிலில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

2. முன் விறாந்தையில்

வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். மகளுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். தகப்பன் வெள்ளை வேட்டி, சால்வை. படியில் கால் வைக்காமல், மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மகள் அவருடைய கையைப் பிடித்து மேலே ஏற்றினார்.

"மன்னிக்கோணும் டொக்டர். மேற்கு அறையிலை கூரை வேலை நடக்குது. வேறை அறையும் இல்லை."

தகப்பன் உடனே, "அதுக்கென்ன தம்பி, நாங்கள் போறம்," என்றார். அவருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கும் போல. மகள் அசையவில்லை. கைப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து விரித்தார்.

"இது உங்கடை கையெழுத்துத்தானே?"

"ஓம்."

"கூரையிலை ஒரு ஆளையும் காணேல்லை. சத்தமும் இல்லை. அம்மாவைக் கூப்பிடுங்கோ. அவ தன்ரை வாயாலை சொல்லட்டும்."

விறாந்தையின் மற்றப் பக்கத்தில் ஒரு ஜேர்மன் தம்பதி தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் கப்பை வைத்துவிட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். அம்மா வெளியே வந்தார். முதலில் ஜேர்மன்காரரைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"வாங்கோ டொக்டர், வாங்கோ. தம்பிக்கு ஒண்டும் விளங்கிறேல்லை. கூரை வேலை போன கிழமையே முடிஞ்சுது." தகப்பன் பக்கம் திரும்பி, "என்ன கந்தன், சுகமே?" என்றார்.

"ஓம் நாச்சியார்," என்று அவர் குனிந்தார்.

"கந்தையா," என்றார் மகள். "அப்பாவின்ரை பேர் கந்தையா."

அம்மா சிரித்தபடியே உள்ளே போனார். மத்தியானம் தலையிடி என்று மேசைக்கு வரவில்லை. ஜேர்மன்காரரோடு அவர்கள் இருவரும் இருந்து சாப்பிட்டார்கள். நான்தான் பரிமாறினேன். கந்தையா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ஒருமுறை மட்டும் தலையை நிமிர்த்தி மேசை விரிப்பைத் தொட்டுப்பார்த்து, "இதுக்குக் கஞ்சி கூடிப்போச்சு," என்று மகளிடம் மெல்லச் சொன்னார். மகள் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

3. பின்வளவு

மறுநாள் காலை அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். ஜேர்மன்காரரும் கீரிமலை பார்க்கப் போய்விட்டார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"மேற்கு அறை மெத்தை, தலையணை, பெட்சீற் எல்லாத்தையும் பின்வளவிலை போட்டுக் கொளுத்தும். அவை சாப்பிட்ட கோப்பையளை உடைச்சுப் புதையும். ஜேர்மன்காரர் திரும்பி வர முன்னம் முடியோணும்."

"புது மெத்தை அம்மா."

"சொன்னதைச் செய்யும்."

அறைக்குப் போனேன். இரண்டு கட்டில்களில் ஒன்றில் பெட்சீற் கசங்கிக் கிடந்தது. மற்றதில் ஒரு சுருக்கம் இல்லை. எங்கள் ஆட்கள் ஒருநாளும் அப்படி விரித்ததில்லை. தோட்டக்காரனைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உது எனக்கு ஏலாது ஐயா," என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனால் மாட்டேன் என்று சொல்ல முடிந்தது. மனேஜர் நான். மெத்தையை இழுத்துக்கொண்டு போனேன். மண்ணெண்ணெய் ஊற்றினேன். நெருப்பு வைத்தேன். வெறும் பஞ்சுதானே, அவர்களும் போய்விட்டார்கள், ஆருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பின்படலை திறந்தது. கந்தையா நின்றார். முன் கேற்றால் வந்திருந்தால் அவர் இதைக் கண்டிருக்கமாட்டார். மகள் பக்கத்தில் இல்லாததால் பழகிய வழியால் வந்திருந்தார்.

"மூக்குக்கண்ணாடியை அறையிலை விட்டிட்டன் தம்பி," என்றவர், நெருப்பைப் பார்த்தார்.

"மேற்கு அறை மெத்தையோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"அந்த வெள்ளைக்காரர் போனாப் பிறகும் இப்பிடி எரிப்பியளோ?"

"இல்லை ஐயா."

"பாவம், புதுப் பெட்சீற். அதை எரிச்சிருக்கத் தேவையில்லை. நான் அதிலை படுக்கேல்லை. நிலத்திலைதான் படுத்தனான். பிள்ளை எழும்ப முன்னம் எழும்பிக் கட்டில்லை இருந்திட்டன்."

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கண்ணாடியை எடுத்து வந்து கொடுத்தேன். அதைச் சால்வைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, வந்த வழியே போனார்.

நான் கைகூடக் கழுவாமல் நேரே அம்மாவிடம் போய்ச் சாவிக்கொத்தை மேசையில் வைத்தேன். இனி வேலைக்கு வரமாட்டேன் என்றேன்.

"உமக்கு என்ன வந்தது? உம்மடை அம்மா அறிஞ்சால் என்ன சொல்லுவா?"

"அவவும் உங்களைப்போலத்தான் சொல்லுவா. அதுதான் எனக்கு விசர் பிடிக்குது."

உறவுக்காரியிடம் நான் அப்படிக் கதைத்தது அதுவே முதல் தடவை. எரித்து முடித்த பிறகுதான் அந்த வாய் திறந்தது.

4. மன்னிப்பு

ஒரு கிழமை கழித்து, கடிதத்தில் கண்ட ஊர் விலாசத்துக்கு வழி விசாரித்துக்கொண்டு சைக்கிளில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். லீவில் ஊரில் நின்ற டொக்டர்தான் படலையடிக்கு வந்தார். உள்ளே வரச்சொல்லவில்லை.

"ஐயாவைப் பாக்கோணும். மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"என்னத்துக்கு?"

"அண்டைக்கு நடந்ததுக்கு."

"அந்த வீட்டிலை அப்பா ஒரு இரவாவது விருந்தாளியா இருக்கவேணும் எண்டுதான் கூட்டிக்கொண்டு வந்தனான். அப்பா எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் நான் ஒழுங்கையிலை காருக்கை இருந்தனான். பின்வளவிலை புகை எழும்பினது தெரிஞ்சுது. திரும்பி வந்த அப்பாவின்ரை முகமும் தெரிஞ்சுது."

நிலத்தில் படுத்த கதையை நான் அவரிடம் சொல்லவில்லை.

"அப்பா உள்ளுக்குத்தான் இருக்கிறார். கூப்பிடமாட்டன். நீங்கள் மன்னிப்பெண்டு வாயெடுக்க முன்னமே, 'அதுக்கென்ன தம்பி' எண்டு சொல்லிப்போடுவார். எழுபது வருசமா எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுறார். உங்களுக்கும் அதைச் சொல்ல நான் விடமாட்டன். போட்டு வாங்கோ."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அந்த 'அதுக்கென்ன தம்பி'யைக் கேட்டுவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளத்தான் நான் போயிருந்தேன்.

பின்னால் சண்டையில் ஷெல் விழுந்து அந்த வீடு இடிந்தது. எவ்வளவு அழகான வீடு, எப்பேர்ப்பட்ட உபசரிப்பு என்று இன்றைக்கும் சிலர் என்னிடம் வந்து கவலைப்படுவார்கள். ஷெல்லால் போன எத்தனையோ வீடுகளை நினைத்து அழுதிருக்கிறேன். அந்த வீட்டை நினைத்து எனக்கு அழுகை வரவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் செக்-இன் செய்யவும், கோபக்கார விருந்தாளியைச் சமாளிக்கவும் சொல்லிக்கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். முதலாளி சொல்லச் சொன்னதற்காக நீங்கள் ஒருவரை வாசலில் நிறுத்திப் பொய் சொன்னால், அது முதலாளியின் பொய் அல்ல, உங்களுடையது. அம்மா ஒருநாளும் கந்தையா வீட்டுப் படலைக்குப் போகவில்லை. போய் நின்றவன் நான்.