பூஜையில் உட்கார்ந்த கம்ப்யூட்டர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சித்தூரில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்து, பிறகு திருப்பதியில் சொந்தமாகக் கல்யாணப் பத்திரிகைக் கடை போட்டேன். ஊர்ப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்கென்று பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போன காலத்தில், நான் கம்ப்யூட்டரையே என் கடைக்கு வரவழைத்தேன். அதுவும் இரண்டு. டிசைன் போட மேக், பிரிண்டரை ஓட்ட விண்டோஸ். இரண்டும் ஒத்துப்போகாது என்று கடைத்தெருவே சொன்னது. நான் விடவில்லை. ஆள் வைத்து ஒயர் இழுத்து, ஒரே ஃபோல்டர் இரண்டிலும் தெரியும்படி செய்தேன். எங்கள் தெருவில் அதை முதலில் செய்தவன் நான்தான்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று நகரியிலிருந்து ஒரு நெசவுக்காரர் வருவதாக இருந்தது. மகள் கல்யாணம். முதல் பத்திரிகையை மலையில் சாமிக்கு வைக்காமல் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். மாப்பிள்ளைக்கு லீவு குறைவு என்பதால் மறுநாளே ஊரை அழைக்கத் தொடங்க வேண்டும். நானோ அன்றே அவர் கண்முன் அச்சடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் பூஜை போட்ட மெஷினை மறுநாள் காலை வரை தொடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். மேக்கை அணைத்து, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டேன். விண்டோஸையும் பிரிண்டரையும் பூஜையில் சேர்க்கவில்லை. பத்திரிகைதான் விண்டோஸிலும் தெரிகிறதே!

சாயங்காலம் நெசவுக்காரர் வந்தார். என் கடையில் டிசைன் போடும், குப்பம் ஊரிலிருந்து வந்த பெண் விண்டோஸில் ஃபோல்டரைத் தட்டினாள். திறக்கவில்லை.

“இன்னாம்மா ஆச்சு?”

“பத்திரிகை மேக்லதான் கீது அண்ணா. இது அதை எட்டிப் பாக்கும், அவ்ளோதான். அதை நீங்க அணைச்சிட்டீங்க.”

“நேத்து இதுலதானே பாத்தேன்?”

“பக்கத்து வூட்டு டிவியை ஜன்னல் வழியா பாத்தீங்க. இன்னிக்கு அவங்க ஆஃப் பண்ணிட்டாங்க.”

நெசவுக்காரர் முகம் வாடிவிட்டது. “வேன்ல சொந்தக்காரங்க குந்திக்கினு கீறாங்க அண்ணா. வெறுங்கையோட எப்டி மலையேறுவேன்?”

நான் மேக் பக்கம் நகர்ந்ததும் என் மனைவி தடுத்தாள். “மாலை போட்டதைத் தொடாதீங்க. பெரிய மூளைக்காரரு! பாதிக் கடைக்கு மட்டும் பூஜை போட்டா இப்டித்தான்.”

“அதுல வேலை செய்யப் போறதில்லடி. ஆன் பண்ணிட்டுச் சும்மா வுட்டா போதும். வேணுங்கறதை இது எடுத்துக்கும். சாமிக்குப் போற பத்திரிகை, சாமி கோச்சுக்குமா?”

 அவள் இன்னொரு கற்பூரம் காட்டி, தானே விரல் நுனியால் சுவிட்சைத் தட்டினாள். “யாரும் மவுஸைத் தொடக்கூடாது” என்று காவலுக்கும் நின்றாள்.

மாலையோடு மேக் விழித்தது. விண்டோஸில் ஃபோல்டர் திறந்தது. பிரிண்டரிலிருந்து வந்த பத்திரிகைக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தோம். நெசவுக்காரர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேனுக்கு ஓடினார். உள்ளே இருந்தவர்கள் காதிலும் விழட்டும் என்று, இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்தது யார் என்பதை வாசலில் நின்று உரக்கச் சொன்னேன்.