பூனைக்கு வடித்த சாறு

ஒரே மணியடிப்பில் ஆயிரத்து இருநூறு பேருக்குச் சோறு போட்டு, அரை மணி நேரத்தில் கை கழுவ அனுப்பியவன் நான். ஓசூரில் ஒரு பெரிய கம்பெனியின் கேன்டீனை இருபத்தாறு வருஷம் எடுத்து நடத்தினேன். பர்கூர்ப் பக்கம் ஜல்லி உடைத்த குடும்பம் எங்களுடையது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினெட்டு வயதில் அதே கேன்டீனில் தட்டுக் கழுவ வந்து, காய் நறுக்கி, கரண்டி பிடித்து, கடைசியில் அந்தக் கேன்டீனுக்கே காண்ட்ராக்டர் ஆனேன். யாரும் கைதூக்கி விடவில்லை. பாகலூர்க்காரனுக்குக் களி உருண்டை சரியாக வர வேண்டும், ஒடிசாவிலிருந்து வந்தவனுக்குப் பருப்பு கெட்டியாக இருக்க வேண்டும், ஆந்திராக்காரனுக்குக் காரம் கண்ணில் தண்ணீர் வரவழைக்க வேண்டும். அத்தனை பேர் நாக்கும் எனக்கு மனப்பாடம்.

அப்படிப்பட்டவனால் ஒரு கிழட்டுப் பூனையைச் சாப்பிட வைக்க முடியவில்லை என்று சொன்னால், என்னோடு வேலை பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். என் வீட்டுக்காரி நம்புவாள். தினமும் பார்க்கிறாளே.

அது கேன்டீன் பூனை. தமிழ்க்காரர்கள் பூனை என்பார்கள், கன்னடக்காரர்கள் பெக்கு என்பார்கள், தெலுங்குக்காரர்கள் பில்லி என்பார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் வரும். தனியாகப் பேர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. புதன்கிழமை மீன் தலை, சனிக்கிழமை கோழி, மற்ற நாளில் தயிர்ச்சோற்றில் கருவாட்டுத் தூள். பத்துப் பன்னிரண்டு வருஷம் அதன் பிழைப்பு அப்படி ஓடியது. பிறகு கம்பெனி, வெளியிலிருந்து வண்டியில் சாப்பாடு வரவழைத்துக்கொள்வதாக முடிவு செய்து சமையல்கட்டைப் பூட்டிவிட்டது. என் அண்டா குண்டாவை எடுத்து வரக் கடைசியாகப் போன அன்றைக்கு, அணைந்து கிடந்த அடுப்பு மேடை மேல் அது உட்கார்ந்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. யாரும் இல்லாத இடத்தில் எத்தனை நாள் இருந்ததோ. அண்டாக்களோடு அதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் பழைய சாப்பாடுதான் போட்டேன். ஒரு நாள் வீட்டுக்காரி சொன்னாள்.

"ஏங்க, இது தண்ணியவே குடிச்சிக்கிட்டு கெடக்குதுங்க. பக்கெட்டுல மூஞ்சிய உட்டா எடுக்கவே மாட்டேங்குது. ஒடம்பும் எளைச்சிப் போச்சு."

பூனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். பாகலூர் ரோட்டில் சின்னதாக ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பெண். என் மகளைவிட வயது குறைவாக இருக்கும். வாயைத் திறந்து பார்த்தாள், ரத்தம் எடுத்தாள், வயிற்றைத் தடவினாள்.

"ஐயா, வீட்ல என்ன போடுறீங்க?"

"நல்லாத்தான் மேடம் போடுறோம். மீன் கொழம்பு, கருவாடு, தயிர் சோறு."

"கொழம்பா?"

"என் கையால வெச்ச கொழம்பு மேடம். ஆயிரத்து எறநூறு பேரு சாப்ட கொழம்பு."

"அவங்களுக்கு முழு கிட்னி இருக்கு ஐயா. இதுக்குப் பாதிதான் வேலை செய்யுது."

பல்லும் நாலைந்துதான் மிச்சம் என்றாள். இனிமேல் உப்பு, கருவாடு, பால், காரம் எதுவும் ஆகாது. கிட்னிக்கென்று பாக்கெட்டில் வரும் கூழ் மாதிரியான சாப்பாடு கொடுத்தாள். அது பிடிக்காவிட்டால் கோழியைச் சும்மா தண்ணீரில் வேகவைத்துப் பிசைந்து, அதில் இந்தக் கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும். பூனை இரண்டு நாள் முழுப் பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும், அதனால் எப்படியாவது வாயில் கொஞ்சமாவது போக வேண்டும் என்றாள். வீட்டுக்காரி பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே போன பிறகு, கடைசியில் என்னிடம் ஒரு தாளை நீட்டினாள். "சேர்க்கக் கூடாதது எல்லாம் இதுல போட்டிருக்கு. ஒரு தடவை படிச்சுக்கோங்க." தாள் முழுக்க இங்கிலீஷ். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரி எட்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டியாவது படித்திருப்பாள். அவளிடம் நீட்டியிருக்கலாம். சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு இன்னொருத்தர் படித்துச் சொல்வதா என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்குத் தொடங்கியது அலைச்சல். கூழை வைத்தால் மோந்து பார்க்கும். பிறகு முன்னங்காலால் தரையைப் பிராண்டும், தட்டைச் சுற்றி மண் தள்ளி மூடுகிற மாதிரி. பீயை மூடுகிற அதே வேலை. இத்தனை வருஷத்தில் என் சாப்பாட்டை ஒருத்தனும் அப்படிச் செய்ததில்லை. கோழியைப் பிசைந்து வைத்தேன். வெதுவெதுப்பாக்கி வைத்தேன். பரங்கிக்காய் மசித்து வைத்தேன். விரலில் தொட்டு மூக்கில் தடவினேன். நாக்கால் ஒரு தடவை நக்கிவிட்டு வெயில் விழும் மூலைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். நான் தட்டோடு பின்னால் போவேன். அது எழுந்து மாடிப்படிக்குக் கீழே போகும். குனிந்தால் எனக்கு முட்டி பிடித்துக்கொள்கிறது. எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். காலையில் மூன்று தடவை, மத்தியானம் மூன்று தடவை, சாயங்காலம் குளிர் இறங்குமுன் இரண்டு தடவை.

வீட்டுக்காரி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பாள்.

"காண்ட்ராக்டருக்கு இருக்கறதே ஒரு கஸ்டமரு. அதும் ஸ்ட்ரைக்கு பண்ணுது."

"நீ சும்மா இரு. பசிச்சா திங்கும்."

"பசிச்சாத் திங்கறது மனுசன். இது உங்க கேன்டீன்ல வளந்தது. நாக்கு உங்களவிட நீளம்."

இப்படிப் பத்து நாள். நாளுக்கு இரண்டு வாய், மூன்று வாய். பிறகு ஒரு நாள் முழுக்க ஒன்றுமே இறங்கவில்லை. முதுகெலும்பு கையில் தட்டியது. டாக்டருக்குப் போன் போட்டேன். "இன்னைக்கு எப்படியாவது சாப்பிட வையுங்க ஐயா. இல்லன்னா நாளைக்குக் காலைல கூட்டிட்டு வந்துடுங்க, குழாய் போட்டுத்தான் ஊட்டணும்" என்றாள். அந்தக் கிழத்துக்கு மூக்கில் குழாயா என்று போனை வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனேன்.

அப்போதுதான் என் சாறு ஞாபகம் வந்தது.

அதை யாருக்கும் நான் சொன்னதில்லை. முன்பு ஒரு சமயம் கம்பெனியில் நிறையப் பேருக்குப் பிரஷர் இருக்கிறதென்று கமிட்டி போட்டு, உப்பையும் எண்ணெயையும் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தேன். ஆட்கள் தட்டைத் தட்டினார்கள். மிச்சம் கொட்டும் டிரம் நிரம்பி வழிந்தது. நான் யோசித்தேன். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் கொஞ்சம் எண்ணெயில் குழைய வதக்கி, அரைத்து, கொதிக்க விட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். திப்பியைத் தூர எறிந்துவிட்டு அந்தச் சாற்றைப் பருப்பிலும் குருமாவிலும் ஊற்றினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, நாக்கு மட்டும் மயங்கும். ஒரு வாரத்தில் டிரம் காலியாகிவிட்டது. மேனேஜர் சால்வை போட்டார். சமையல் மாஸ்டர்கள் கேட்டார்கள், கைப்பக்குவம் என்று சொல்லிவிட்டேன். தினமும் அவர்கள் வருவதற்கு முன்னால் நானே வந்து வடித்து வைத்துவிடுவேன். நான் காண்ட்ராக்டராக நின்றதே அந்தச் சாற்றில்தான்.

அதையே பூனைக்கும் வடித்தேன். உப்பு இல்லை, மிளகாய் இல்லை. டாக்டர் சொன்ன எதையும் மீறவில்லை என்றுதான் நினைத்தேன். பூண்டு உடம்புக்கு நல்லது, பிரசவித்த பெண்ணுக்கே கொடுக்கிறோம் என்று வேறு தைரியம். பிசைந்த கோழியில் இரண்டு கரண்டி ஊற்றிக் கீழே வைத்தேன்.

மோந்தது. காலால் பிராண்டவில்லை. தலையைக் குனிந்து தின்றது. தட்டின் ஓரம் வரை நக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது.

"என்னாங்க போட்டீங்க?" என்று ஓடி வந்தாள் வீட்டுக்காரி.

"ஒண்ணும் போடல. கைப்பக்குவம்."

ஐந்து நாள் அப்படித் தின்றது. கூழைக் கலந்தாலும் தின்றது. நான் காய்கறி மார்க்கெட்டில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன். டாக்டர் கொடுத்த பாக்கெட்டால் ஆகாததை நான் செய்தேன் என்று. கேட்டவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

ஆறாம் நாள் காலையில் அது எழவில்லை. ஓசூர்க் குளிரில் வெறும் தரையில் நீட்டிப் படுத்திருந்தது. தூக்கினால் துணி மாதிரித் தொங்கியது. வீட்டுக்காரி உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஈறு வெள்ளையா கெடக்குதுங்க, ரத்தமே இல்ல" என்றாள். அது மூத்திரம் போக வைத்திருந்த மணலைக் காட்டினாள். டிகாஷன் நிறம்.

டாக்டர் மேஜையில் போட்டுப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"என்ன கொடுத்தீங்க ஐயா?"

"நீங்க சொன்னதுதான் மேடம். கோழி. உப்பில்லாம."

"வெங்காயம், பூண்டு ஏதாவது?"

"இல்ல மேடம்."

சொல்லிவிட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. இத்தனை வருஷமாக யார் கேட்டாலும் ஒன்றும் போடவில்லை என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. தட்டில் வெங்காயம் ஒரு துண்டும் இல்லை என்பதும் நிஜம்தானே என்று உள்ளே ஒரு கணக்கு வேறு. பக்கத்தில் நாயோடு உட்கார்ந்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கையுறையைக் கழற்றினாள். "அப்ப ரத்தத்துல கிருமி இருக்கலாம். வேற மருந்து ஆரம்பிக்கணும். அது கொஞ்சம் கடுமையான மருந்து. இந்தக் கிட்னி தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா காரணம் வேற இல்லன்னா வேற வழியும் இல்ல." ஊசி மருந்தை எடுக்கத் திரும்பினாள்.

பூனை என்னைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை. அதன் வயிறு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது.

"மேடம், ஒரு நிமிசம்" என்றேன். "சாறு மட்டும் ஊத்தினேன்."

"என்ன சாறு?"

சொன்னேன். வதக்கியது, அரைத்தது, வடித்தது, எத்தனை கரண்டி, எத்தனை நாள். என் மாஸ்டர்களுக்கே சொல்லாததை நாய்க்காரர் காதில் விழச் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"வெங்காயம் என்னடா இவ்ளோ சீக்கிரம் தீந்து போவுதுன்னு பாத்தேன்" என்றாள் வீட்டுக்காரி.

டாக்டர் ஊசி மருந்தைத் திரும்ப வைத்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு மனசு லேசாக இருந்திருக்கும். "துணியில வடிகட்டினா திப்பிதான் நிக்கும் ஐயா. வெஷம் தண்ணியோட எறங்கிடும். வெங்காயமும் பூண்டும் பூனையோட ரத்தத்தை உடைச்சிடும். அந்தப் பேப்பர்ல மொதல் வரியே அதுதான்."

"எந்தப் பேப்பரு?" என்றாள் வீட்டுக்காரி.

அந்தத் தாள் சட்டையோடு துவைபட்டுக் கூழாகிப் போயிருந்தது. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஏனோ அன்றைக்கு அசதியாக இருந்தது. "எனக்கு அந்த எழுத்து வராது மேடம்" என்றேன். கேன்டீனில் எத்தனையோ தாள் வரும், எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு எழுத்தரிடம் கொடுத்துவிடுவேன். இப்படி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டர் புதுத் தாள் எடுத்துத் தமிழில், கொட்டை எழுத்தில் எழுத ஆரம்பித்தாள்.

நாலு நாள் காலையில் கொண்டுபோய் விட்டு, குளுக்கோஸ் ஏறும் வரை இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்து, சாயங்காலம் தூக்கி வந்தோம். டாக்டரே பீச்சாங்குழலில் கூழை எடுத்து வாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டாள். மூன்றாம் நாள் ரத்த அளவு இன்னும் இறங்கியிருக்கிறது என்றாள். நாலாம் நாள் இறங்காமல் நிற்கிறது என்றாள். ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், கிட்னி பழைய இடத்துக்கு வராது, இருக்கிற வரை பார்த்துக்கொள்ளலாம் என்றாள். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் நான்தான் சமைக்கிறேன். அதற்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி. வீட்டுக் கரண்டியில் வெங்காய வாசம் இருக்கும் என்பதால் அதைத் தொடுவதில்லை. கோழி, தண்ணீர், அவ்வளவுதான். கை தானாக அஞ்சறைப் பெட்டிப் பக்கம் போகும், இழுத்துக்கொள்கிறேன். எதுவுமே சேர்க்காமல் அடுப்பு முன்னால் நிற்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று எனக்குத் தெரியாது. வெந்ததும் சமையலறை வாசலில் வீட்டுக்காரி வந்து நிற்பாள்.

"கையக் காட்டுங்க."

காட்டுவேன். மோந்து பார்த்துவிட்டு வழி விடுவாள்.

இன்று காலை பிசைந்து, கூழில் கால் கரண்டி கலந்து, வெதுவெதுப்பாக வைத்தேன். மோந்தது. ஒரு தடவை பிராண்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு வாய் எடுத்தது. பிறகு இன்னொன்று. ஆறு வாய். ஏழாவதுக்குக் காத்திருந்தேன், எழுந்து போய்விட்டது. மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். மத்தியானம் மறுபடி சூடு பண்ண வேண்டும்.