ஒன்றும் இல்லாத இடம்

போன செவ்வாய்க்கிழமை ஓர் அரசாங்க அலுவலரிடம் பொய் சொன்னேன். சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது.

மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். லயங்களில் வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகளுக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. லயத்துக்கு மேலே ஒரு காட்டுத் துண்டு, அதற்குள் ஓர் ஊற்று. அங்கிருந்து குழாயில் வரும் தண்ணீர் கீழே பீலியில் கொட்டும். தினமும் காலையில் ஏறிப்போய், குழாய் வாயில் அடைத்த இலைகளை அள்ளிவிட்டு வருவேன். இருபத்து நான்கு வீடுகள் அந்தப் பீலியில்தான் குடம் வைக்கின்றன.

ஃபாக்டரி விறகுக்கு டர்பன்டைன் என்கிற யூகலிப்டஸ் மரம் நட இடம் தேடுகிறார்களாம். இடங்களைப் பார்த்து எழுதிக்கொள்ள அரசாங்கத்திலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கையில் நிரப்ப ஒரு ஃபோரம்.

“அண்ணை, அந்த மேல் பக்கத்திலை என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லைங்க மிஸ்.”

எழுதிக்கொண்டார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது பழக்கம். தேயிலை இருந்தால் அது மலை. மலைக்கு நம்பர் உண்டு. தேயிலை இல்லாவிட்டால்... ஒன்றும் இல்லை. வேறு எப்படிச் சொல்வது?

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி ராணி கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

“ஏங்க, ஒண்ணும் இல்லாத எடத்துக்கா காலங்காத்தால போயிட்டு வர்றீங்க?”

“ஆமா.”

“அப்ப காலு ஏன் ரத்தமா இருக்கு? ஒண்ணும் இல்லாததா கடிச்சிச்சு?”

அட்டைதான். காலைத் துடைத்தேன்.

“அங்க டர்பன்டைன வச்சா ஊத்து வத்திப்போகும். கீழ் டிவிசன்ல பாத்தோம்ல. அப்புறம் பீலியில என்னத்தப் பிடிக்கிறது, காத்தையா?”

மகள் தர்ஷினி ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். விஞ்ஞானப் புத்தகத்தை விரித்துக்கொண்டு வந்தாள்.

“அப்பா, மரம், மிருகம், மண்ணு எல்லாம் ஒண்ண ஒண்ணு நம்பி இருக்குற அந்த மாதிரி எடத்துக்குச் சூழற்றொகுதின்னு பேரு. உற்பத்தியாக்கி, நுகரி, பிரிகையாக்கி எல்லாம் இருக்கணும்.”

“நம்ம மேல அதெல்லாம் இருக்கா?”

“தெனம் போறது நீங்க. என்னையக் கேக்குறீங்க?”

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவள் ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தாள், நான் நிரப்பினேன். உற்பத்தியாக்கி — தன் சாப்பாட்டைத் தானே தயாரிப்பது. மரங்கள் ஐந்து வகை, பன்னச்செடி, பாசி. நுகரி — அடுத்ததைத் தின்பது. மரைமான், மந்தி, காட்டுக்கோழி, அட்டை. பிரிகையாக்கி — செத்ததை மண்ணாக்குவது. காளான் ஆறு வகை.

“அட்டை எதைத் திங்குதுன்னு எழுதணுமா?”

“எழுதுங்க. உங்களைத்தான்.”

உணவுச் சங்கிலியில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும், எனக்கு ஆட்களோடு பேச வராது. அதனால்தான் வாராவாரம் இந்தப் பத்தியை எழுதுகிறேன். மறுநாள் தோட்ட ஆபிஸ் வாசலில் அரை மணி நேரம் நின்றேன். மிஸ் வெளியே வந்ததும் தாளை நீட்டினேன்.

“நேத்து மேல ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்ல மிஸ்... அது இதுதாங்க.”

வாசித்தார். சிரிக்கவில்லை.

“இவ்வளவும் இருக்கோ? எனக்கு ஒருக்கா காட்டுங்கோ.”

ஏறினோம். பாதி வழியில், பட்டியலில் பதினோராவதாக இருந்தது அவர் காலில் ஏறியது. குனிந்து பார்த்தார்.

“இது சரி,” என்றார்.

ஊற்றடியில் நின்று ஃபோரத்தை எடுத்தார். ‘வெற்றிடம்’ என்று எழுதியிருந்ததை வெட்டினார். ‘இயற்கைச் சூழற்றொகுதி. மரம் நட உகந்ததல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“முடிவு எடுக்கிறது மேலிடம், அண்ணை. ஆனா இப்பிடி எழுதின இடத்திலை லேசிலை கை வைக்க மாட்டினம்.”

எனக்கு அது போதும். கும்பிடுவதா, நன்றி சொல்வதா என்று யோசித்து, இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

அவர் என் தாளை இன்னொரு முறை படித்தார்.

“தண்ணியை எழுதேல்லையே?”

வாங்கிப் பார்த்தேன். பதினேழு பெயர்கள். தண்ணீர் இல்லை. காலடியில் அது ஓடிக்கொண்டிருந்தது.

அவரே கடைசியில் எழுதிச் சேர்த்தார்.

பன்னிரண்டு வருடமாக எனக்கு அதற்குத்தான் சம்பளம்.