சாமை பிஸ்கட்டும் என் நாக்கும்

ஜவ்வாது மலையில் சாமை பிஸ்கட் செய்யும் சிறிய கூடம் ஒன்றில் சுவை பார்ப்பது என் வேலை. யார் கேட்டாலும் "உணவுத் தர ஆய்வு" என்று சொல்லிக்கொள்வேன். என் கணவர் மட்டும், "பிஸ்கட் துன்றதுக்குச் சம்பளம்" என்பார்.

போன வருடம் ஆறு விதமாகச் சுட்டோம். சிலதில் சர்க்கரை, சிலதில் வெல்லம், சிலதில் மலைத்தேன். சாமையின் வறுப்பும் மாறும். எதை விற்பனைக்கு அனுப்புவது என்று தெரிய வேண்டும். நான் படித்த முறைப்படி, அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரைச் சேர்த்து ஒரு மாதம் பழக்கினேன். கசப்பு என்றால் எவ்வளவு, மொறுமொறுப்பு என்றால் எவ்வளவு, பத்துக்கு எத்தனை மார்க் என்று எல்லாம் பேசி முடிவு செய்தோம். வெற்றிலை கூடாது, தலையில் மல்லிப்பூ கூடாது என்று சட்டம் வேறு.

"பூ வெக்காம வந்தா வூட்ல இன்னா ஏதுன்னு கேக்குறாங்கம்மா" என்றார் ஒருவர்.

அறிவியலுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அப்போது செங்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண் சொன்னாள்: "இதுக்கு இன்னாத்துக்குக்கா ஒரு மாசம்? ஆளுக்கொரு பெரிய தாளு குடுங்க. ஒரே மாதிரி ருசி இருக்கற பிஸ்கட்ட அதுமேல கிட்டகிட்ட வெக்கட்டும், வேற மாதிரி இருக்கறத தள்ளி வெக்கட்டும். பக்கத்துல தோண்றத எழுதட்டும். ஒரு காலைல முடிஞ்சிரும்."

"அது குறுக்கு வழி" என்றேன்.

முதலாளி இரண்டையும் செய்யச் சொன்னார். அவள் சந்தை நாளில் வாசலில் மேசை போட்டு, போகிறவர் வருகிறவரை உட்கார வைத்தாள். நான் உள்ளே கதவைச் சாத்தி, தட்டுகளில் பெயருக்குப் பதில் எண்கள் ஒட்டி, பேச்சுமூச்சு கூடாது என்றேன். அன்று என் குழுவில் ஒருவர் வரவில்லை. அவர் இடத்தில் நானே உட்கார்ந்தேன். எண் ஒட்டியவளுக்கு எது எதுவென்று தெரியும், அதனால் அவள் சுவைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். ஆனால் என் நாக்கு ஏமாறாது என்று எனக்கு அவ்வளவு உறுதி. முதல் கடியிலேயே மலைத்தேன் தெரிந்தது. கண்ணை மூடி மென்று, "லேசான பூவாசம்" என்றுகூட எழுதினேன்.

மறுநாள் அவள் இரண்டு முடிவுகளையும் கணினியில் போட்டாள். எந்த பிஸ்கட் எதற்குக் கிட்டே, எதற்குத் தூரம் என்று இரண்டும் காட்டியது ஏறத்தாழ ஒரே படம். தேன் போட்டதில் ஒன்று மட்டும் தனியாக எட்ட நின்றது. சந்தைக்காரர்கள் அதன் பக்கத்தில் "மருந்து மாதிரி" என்று எழுதியிருந்தார்கள். என் குழு அது கருகிய கசப்பு என்றும், எவ்வளவு என்றும் சொல்லியிருந்தது. வறுப்பு கூடிவிட்டது என்று கண்டுபிடிக்க அதுதான் உதவியது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆனா அக்கா, உங்க குழுவுல ஒருத்தர் மார்க்கு மட்டும் எதோடயும் ஒட்டல. எடுத்துட்டா சரியாய்டும்."

"தாராளமா எடு. எல்லாருக்கும் நாக்கு வாய்க்காது. யாருது?"

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "உங்களுதுக்கா."

நான் பூவாசம் கண்டது வெறும் சர்க்கரை பிஸ்கட்டில். எந்த எண் எந்த பிஸ்கட் என்பதை மாற்றி நினைவில் வைத்திருந்தேன். நாக்கு அதை அப்படியே நம்பிவிட்டது.

இப்போது புதிதாக எது சுட்டாலும் முதலில் அவளுடைய தாள். அதில் தேறுவது மட்டும் என் குழுவுக்குப் போகிறது. நான் தட்டு எடுத்து வைக்கிறேன், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தருகிறேன். போன வாரம் எல்லாம் முடிந்த பிறகு, "நீங்களும் ஒண்ணு துண்ணு பாருங்கம்மா" என்று ஒருவர் நீட்டினார். வாங்கித் தின்றேன். எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.