புளி போட்டுத் தேய்த்த மட்டி ஓடுகள்

பெரியவளே, சின்னவனே, அம்மாவின் பிஸ்கட் டப்பா எங்கே என்று போனில் கேட்டீர்கள். அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால் அதிலிருந்த மட்டி ஓடுகளை நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரியவள் வயிற்றில் இருந்த வருஷம். ஆடி அமாவாசைக்கு அம்மா, அத்தை, நான் மூவரும் குடவாசலிலிருந்து பஸ் பிடித்துப் பூம்புகார் போனோம். காவிரி கடலில் சேரும் இடத்தில் முழுக்குப் போடும்போது அம்மா ஒரு கை தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாள். "உப்பே கம்மிங்க. புதுத்தண்ணி கடலுக்கு வந்துடுச்சு" என்றாள்.

நான் சிரித்தேன். "நம்ம வாய்க்காலுக்கே இன்னும் வரலை. கடலுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்? மசக்கையில உனக்கு நாக்கு செத்துப்போச்சு."

அத்தையும் சேர்ந்து சிரித்தாள். அம்மா விறுவிறுவென்று கரையேறினாள். கரையில் ஒருத்தி முகத்துவாரத்தில் அள்ளிய மட்டிச் சிப்பியை உயிரோடு விற்றுக்கொண்டிருந்தாள். அம்மா அதை வாங்கி ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை. அமாவாசை ஆயிற்றே, மறுநாள்தான் குழம்பு வைத்தாள். ஓடுகளை டப்பாவில் போட்டு, முந்தின நாள் காலண்டர் தாளையும் கிழித்து உள்ளே வைத்தாள்.

எதிர்வீட்டு வாத்தியார் மகள் இப்போது கடலைப் பற்றிப் படிக்கிறாள். போன மாதம் லீவில் வந்தபோது டப்பாவைக் காட்டினேன். தேதி தெரிந்த பழைய ஓடு கிடைப்பதே அபூர்வமாம். மட்டி வளர வளர ஓட்டில் வரி வரியாகப் படியுமாம். அறுத்து மெஷினில் வைத்தால் அப்போது கடலில் ஆற்றுத் தண்ணீர் கலந்திருந்ததா என்று சொல்லிவிடலாமாம். அம்மா போய் நாலு வருஷம் கழித்து, அவள் சொன்னது சரியா என்று தெரியப்போகிறது.

மறுநாள் எடுத்துக்கொள்கிறேன் என்று போனாள். படித்த பெண் கையில் அழுக்கோடு கொடுப்பதா? குத்துவிளக்குக்குப் போடுவதுபோல புளி கரைத்து ஊறப்போட்டு, தேங்காய் நாரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பளிச்சென்று வந்தன.

மறுநாள் வந்து கையில் எடுத்துத் தடவியவள், "புளி போட்டீங்களா பெரியப்பா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. நல்லா வந்திருக்கில்ல?"

ஓட்டின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "புளிப்பு ஓட்டைத் தின்னுடும். கடைசியா படிஞ்ச வரி ஓரத்துலதான் இருக்கும். அது கரைஞ்சுபோச்சு. அதுக்கு முந்தின மாசங்களைப் பாக்கலாம். பெரியம்மா வாங்கின அந்த நாளைப் பாக்க முடியாது."

ஓடுகளை அவளே எடுத்துப்போகட்டும் என்று கொடுத்துவிட்டேன். காலண்டர் தாள் மட்டும் டப்பாவில் இருக்கிறது.

இந்த ஆடி அமாவாசைக்கு நான் மட்டும் பூம்புகார் போனேன். நம் வாய்க்காலில் அன்றைக்கும் தண்ணீர் வந்திருக்கவில்லை. முழுக்குப் போட்டு எழுந்து, ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு கம்மியாகத்தான் இருந்தது. நம்பாமல் இன்னொரு கை அள்ளிக் குடித்தேன்.